தரச் சான்று பெற்ற விரல்கள்

ஒரு பொருளைக் காப்பாற்றுவதற்கென்று வாரியம் அமைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், கண்ணுகளா, அந்தப் பொருளை ஆசை தீர ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கொங்கு மண்டலக் காட்சித் தரக் காப்பு வாரியம் அப்படித்தான் வந்தது. பொது இடத்துத் திரைகளில் ஓடுகிற படம் எதுவானாலும் மங்காமல், கலங்காமல், பிசிறடிக்காமல் மக்கள் கண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். வாசலில் 'தெளிவே தெய்வம்' என்று பெரிய ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கி அச்சடித்ததில் தெளிவு எங்கே முடிகிறது, தெய்வம் எங்கே தொடங்குகிறது என்று கிட்டப் போய்த் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வாரியத்தின் படியேறினவள் நஃபீசா. உக்கடத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்துக் கல்யாண ஆல்பம் செய்து கொடுப்பவள். மணப்பெண்ணின் பருவை அழிப்பாள். மாப்பிள்ளையின் வழுக்கையை மூடுவாள். கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவை வேறொரு கல்யாணத்திலிருந்து வெட்டியெடுத்து வந்து கடைசி வரிசையில் சிரிக்க வைப்பாள். இத்தனை வருஷமாக இருப்பதை இல்லாமல் செய்து பிழைத்தவள், ஒருநாள் படம் உள்ளது உள்ளபடி தெரிய வேண்டும் என்று கேட்டுக் கிளம்பினால் யாருக்கும் சிரிப்பு வரும். முதலில் சிரித்தவளும் அவள்தான்.

எல்லாம் தம்பி சாஹிலுக்காக. பிறந்ததிலிருந்து அவனுக்குக் காது கேட்காது. கையால்தான் பேச்சு. நாக்கில் இருக்க வேண்டிய நக்கலும் சேர்ந்து விரலுக்கு வந்துவிட்டது. சிமெண்டு ஆலை இருக்கும் மதுக்கரையில் ஒரு கிரைண்டர் பட்டறையில் கல் பொருத்துகிற வேலை. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தான். உக்கடம் குளத்துக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பஸ் நிலையத்தைத் திறந்தார்கள். அங்கே எந்த பஸ் எந்தப் பிளாட்பாரத்தில் நிற்கும் என்பது அன்றன்றைக்கு, அந்தந்த நேரத்துக்கு மாறும். மாறியதை ஒலிபெருக்கி சொல்லும். காது கேட்பவர்கள் ஓடுவார்கள். ஓடுகிறவர்களைப் பார்த்து சாஹிலும் ஓடுவான். ஒரு தடவை அப்படி முழுமூச்சாக ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் மோர்ப்பந்தல். இரண்டு தம்ளர் குடித்துவிட்டுத் திரும்பினால் மதுக்கரை பஸ் போயிருந்தது.

இன்னொரு நாள் தாமதமாக வந்தால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று பட்டறைக்காரர் சொல்லிவிட்டார். அதிலிருந்து தினமும் காலையில் நஃபீசா கூடப் போய் நின்று, ஒலிபெருக்கியைக் கேட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். முப்பது வயது ஆண்பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் சாஹில் திரும்பி நின்று தன் மீசையைத் தொட்டுக் காட்டுவான். பிறகு அதை வழித்து எறிகிற மாதிரி கையை வீசுவான். அக்கா பஸ் ஏற்றிவிடுகிறவனுக்கு இது எதற்கு என்று அர்த்தம்.

எழுத்தாகப் போட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். சாஹிலைப் போல எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்து ஒட்டாமலே போய்விட்டது. கைதான் அவர்களுக்குப் படிப்பு. அதனால் நஃபீசா கை வரைந்தாள். கணினியில் அசைந்து பேசும் கை. ஊருக்கு ஒரு துண்டுப் படம், பிளாட்பாரத்துக்கு ஒரு துண்டுப் படம். ஒலிபெருக்கி சொல்லச் சொல்ல இரண்டையும் கோத்துத் திரையில் ஓட்டிக்கொள்ளலாம். தோளில் படிந்த சிமெண்டுத் தூசியைத் தட்டிவிட்டால் மதுக்கரை. இளநீரைத் தூக்கிக் குடித்தால் பொள்ளாச்சி. குதிரைக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் குதிரைச் சந்தைக்குப் பேர்போன அந்தியூர். இதெல்லாம் சாஹிலும் அவன் கூட்டாளிகளும் தங்களுக்குள் வைத்திருந்த பேச்சு. ஊர் முடிந்ததும் விரல்கள் பிளாட்பாரத்தைக் காட்டும். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே ஒரே ஒரு விரல்தானே வித்தியாசம்? அதனால் திரையின் அளவுக்கே பெரிதாக வரைந்தாள். வெயிலிலும் தெரிகிற மாதிரி கருநீலப் பின்னணி போட்டாள். விரலுக்கு விரல் நடுவே வெளிச்சம் விட்டாள். கூடவே மனசு கேட்காமல் மணிக்கட்டில் தன்னுடைய பூப்போட்ட வளையலையும் வரைந்து வைத்தாள்.

பார்த்துவிட்டு சாஹில் கையால் சொன்னான்: "பஸ் எங்கேன்னு தெரியுது. வளையல் எந்தக் கடைன்னும் தெரியுது."

பஸ் நிலையத்தில் பெரிய திரை ஒன்று சும்மாதான் கிடந்தது. போட்டுவிடலாம்தான், ஆனால் வாரியத்தின் தரச் சான்று வேண்டும் என்று திரைக்காரர் சொன்னார். தரத்துக்குச் சான்றா, நம்முடையதற்கு இல்லாமல் யாருக்கு என்று நஃபீசாவுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. அந்தப் பெருமைக்கு அவள் பின்னால் தன்னைத் தானே பலமுறை திட்டிக்கொண்டாள்.

வாரியத்தில் முன்மேசை ஆறுச்சாமியுடையது. தங்கமான மனுஷர். எழுந்து நின்று தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். பென்டிரைவை நீட்டியதும் மட்டும் தேளைக் கண்டதுபோல் கையை இழுத்துக்கொண்டார்.

"பென்டிரைவெல்லாம் உள்ள வரப்படாதுங்க அம்மணி. போன மாசம் ஒண்ணுல வைரஸ் வந்து எங்க மேடத்தோட பேத்தி போட்டோவெல்லாம் போயிருச்சுங்க. நீங்க எனக்கு வாட்ஸ்அப்ல போட்டுருங்க."

வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்பினால் படத்தைக் கசக்கிப் பிழிந்துதான் அந்தப் பக்கம் தள்ளும், விரல் நடுவே விட்ட வெளிச்சமெல்லாம் போய்விடும் என்று நஃபீசா விளக்க வாயெடுத்தாள். அதற்குள் டீ வந்துவிட்டது. ஏலக்காய் போட்ட டீ. அவர் தன் காசில் சொல்லியிருந்தார். கண்ணுகளா, ஒருவர் டீயைக் குடித்த வாயால் அவரிடம் முடியாது என்று சொல்ல நம் பக்கத்தில் யாருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்? அனுப்பினாள்.

ஆறுச்சாமி பார்த்துவிட்டு, அருமையாக இருக்கிறது என்று சொல்லி அடுத்த மேசைக்கு அனுப்பினார். அடுத்த மேசை அதற்கடுத்த மேசைக்கு அனுப்பியது. நடுவில் ஒரு மேசைக்காரர் கைதவறித் தன் குலதெய்வக் கோயில் குழுவில் போட்டு, அங்கே நாற்பது பேர் கும்பிடு போட்ட பிறகு அங்கிருந்து எடுத்து மேலே அனுப்பினார். இப்படியாகப் படம் கண்காணிப்பாளர் ராமாத்தாளிடம் வந்து சேர்ந்தபோது விரல்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தன.

ராமாத்தாள் கண்டிப்பானவர். படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது, பார்த்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்பார். ஒரு போனில் படத்தை ஓடவிட்டு, இன்னொரு போனால் அதைப் படம்பிடித்தார். அத்தாட்சிப் பிரதிதான் இனி அசல் என்பது வாரியத்தின் விதி. அத்தாட்சியில் குறுக்கே கோடு கோடாக ஓடியது. தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியும் போன் கண்ணாடியில் விழுந்து படத்துக்குள் வந்துவிட்டது. மதுக்கரை போகிறவர்களுக்குக் காற்றோட்டமாவது இருக்கட்டும் என்று நஃபீசா தனக்குள் சொல்லிக்கொண்டாள். வெளியே சொன்னது வேறு.

"எப்படி இருக்குது அம்மணி?" என்று ராமாத்தாள் கேட்டார்.

"நல்லாருக்குதுங்க மேடம்," என்றாள் நஃபீசா. அந்தம்மாள் அப்போதுதான் அவளுடைய அம்மாவின் முழங்கால்வலியைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரித்து முடித்திருந்தார்.

அடுத்து முத்திரை. படத்தின் தரத்துக்குப் பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் படத்தின்மேல் 'தரம் உறுதி' என்று தன் முத்திரையைப் பதிக்க வேண்டும். முதல் நால்வர் மூலைக்கொன்றாகப் பதித்தார்கள். ஐந்தாமவர் மூலை தீர்ந்துபோனதைக் கண்டு மனம் நொந்தார். தான் ஒருவன் மட்டும் பொறுப்பில்லாதவன் என்று ஆகிவிடுமே என்று தழுதழுத்தார். நஃபீசாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. நடுவில் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னது சாட்சாத் அவளேதான். நடுவில் விரல்கள் இருந்தன.

பிறகு கோப்பு. அசைகிற படத்தைக் கோப்பில் வைக்க முடியாது, கோப்பில் இல்லாததைக் கூட்டத்தில் வைக்க முடியாது. ஆகவே முக்கியமான காட்சிகளைத் தாளில் அச்சடித்தார்கள். அந்த இயந்திரத்தில் நீல மை தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்ததால் பின்னணி கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. தாளுக்குத் தாள் ஓட்டை போட்டு, பச்சை நாடா கோத்துக் கட்டினார்கள். ஓட்டை சரியாக உள்ளங்கையில் விழுந்தது. கூட்டம் நெருங்கியதும் நாடாவை அவிழ்த்து, தாள்களை ஸ்கேன் செய்து, ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி மறுபடியும் படமாக்கினார்கள். இப்போது கை அசையவில்லை, விக்கியது.

சாயங்காலம் சாஹில் ஆவலாகக் கேட்டான். நஃபீசா போனில் காட்டினாள். அவன் போனை நேராகப் பார்த்தான், திருப்பிப் பார்த்தான், சட்டை நுனியால் திரையைத் துடைத்தும் பார்த்தான். பிறகு கேட்டான்: "இது இட்லிமாவா?"

சொல்லிவிடப் போகிறேன், கூட்டத்திலேயே எழுந்து சொல்லிவிடப் போகிறேன் என்று அவள் கையால் சத்தியம் செய்தாள். சாஹில் அவள் வாயைச் சுட்டிக் காட்டி, அதில் ஒரு லட்டைத் திணிப்பது போலச் செய்தான். அக்காவை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தர உறுதிக் கூட்டத்தில் லட்டு இல்லை, மைசூர்பா இருந்தது. தலைவர் பாலகோபால் மோட்டார் பம்ப் தொழிலில் பெயரெடுத்தவர். ஊருக்காகச் சம்பளமில்லாமல் இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர். விளக்கை அணைத்துப் படத்தை ஓட்டினார்கள். கத்தரிக்காய் நிறத்தில் ஏதோ ஒன்று விக்கி விக்கி நகர்ந்தது.  விளக்கு வந்ததும் தலைவர் பேசினார்.

"தெளிவுங்கிறது என்னுங்க? எல்லாம் பாக்கறவங்க மனசுல இருக்குதுங்க. நம்ம வாரியம் வந்த நாள்ல இருந்து, படம் தெளிவா இல்லைன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் வந்து நம்மகிட்டச் சொன்னதில்லைங்க. சொல்றதுக்கு ஒரு பொட்டியும் வைக்கலீங்க. அந்தளவுக்கு நமக்கு நம்ம தரத்து மேல நம்பிக்கை. நானும் ஒவ்வொரு படத்தையும் ரெண்டு வாட்டி பாக்கறேனுங்க. மொத வாட்டி புரியறதில்ல. ரெண்டாவது வாட்டி, புரியலைங்கறது பழகிப்போகுது. அதானுங்க தரம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆறுச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். படைப்பாளி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று தலைவர் அன்பாகக் கேட்டார். நஃபீசா எழுந்தாள். வாயில் மைசூர்பா கரைந்துகொண்டிருந்தது. நெய் தாராளமாகப் போட்டது. அவள் சொன்னது இதுதான்: "ரொம்ப சந்தோஷமுங்க சார்."

படத்தின் தொடக்கத்தில் தலைவரின் முகத்தையும் சேர்த்துச் சான்று வழங்குவதென்று தீர்மானமாயிற்று.

பஸ் நிலையத்தில் பந்தல் போட்டு, நாதஸ்வரம் வைத்து, ஒரு காலை வேளையில் தொடக்க விழா நடத்தினார்கள். நஃபீசாவை மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். சாஹிலும் அவன் கூட்டாளிகளும் வேலைக்குப் போகும் கோலத்தில், சாப்பாட்டுப் பையோடு திரைக்கு முன்னால் நின்றார்கள். அவள் கூடப் போக ஆரம்பித்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாக அவள் மேடையில் இருந்தாள், அவன் கீழே அவள் துணையில்லாமல் நின்றான்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். போனில் உள்ளங்கை அளவில் பார்த்தபோது மங்கலாக இருந்தது, மாடி உயரத் திரையில் கட்டம் கட்டமாக வெடித்தது. முதலில் தலைவரின் முகம் வந்தது. கூட்டத்தில் ஒரு பெண்மணி, இது புது மார்க்கெட் வரைபடமா என்று பக்கத்தில் கேட்டாள். பிறகு கை வந்தது. தோளைத் தட்டியதா, இளநீர் குடித்ததா, கடிவாளத்தை இழுத்ததா, ஒன்றும் விளங்கவில்லை. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தாமவரின் முத்திரை மட்டும் கொஞ்சம் நன்றாகத் தெரிந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது. மதுக்கரை பஸ் பிளாட்பாரம் மாறிவிட்டது. காது கேட்பவர்கள் ஓடினார்கள். சாஹில் ஓடவில்லை. திரையை அண்ணாந்து பார்த்தான். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தான். பிறகு மெதுவாகத் திரும்பி, மேடையில் இருந்த அக்காவைப் பார்த்தான். மீசையைத் தொடவில்லை, நக்கல் ஏதும் செய்யவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, எங்கே என்று மட்டும் கேட்டான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்ட அதே மாதிரி.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் ஒலிவாங்கியை நஃபீசாவிடம் நீட்டினார். "அம்மணி, நீங்களே சொல்லுங்க. படம் தெளிவா இருக்குதுங்களா?"

"இல்லைங்க," என்றாள் நஃபீசா.

நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்தினார்.

"ஒண்ணுமே தெரியலீங்க சார். கூட்டத்துல போட்டப்பவே தெரியலீங்க. விரல் போச்சுங்க. எந்தப் பிளாட்பாரம்னு என் தம்பிக்குத் தெரியலீங்க. வரைஞ்ச எனக்கே தெரியலீங்க. உங்ககிட்டயெல்லாம் டீயைக் குடிச்சுப்போட்டு நல்லாருக்குதுன்னு சொன்னது என் தப்புங்க."

 தலைவரின் முகத்தில் கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் நெஞ்சில் கையை வைத்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"உங்களுக்கும் தெரியலீங்களா?" என்றார். "அப்பப் படத்துலதான் கோளாறுங்களா? நான் கண்ணுதான் போயிருச்சுன்னு நெனச்சு ஆப்ரேசன் பண்ணி லென்சே மாத்திப்போட்டேனுங்க. அதுக்கப்புறமும் தெரியலைன்னு அந்த டாக்டர்கிட்டச் சண்டைக்கு வேற போயிட்டு வந்தேன்."

ராமாத்தாள் மெதுவாக எழுந்து, தானும் இரண்டு தடவை கண்ணாடி மாற்றிவிட்டதாகச் சொன்னார். ஆறுச்சாமி தினமும் காரட் தின்றுகொண்டிருந்தார். ஐந்தாம் முத்திரைக்காரர், படம் புரியாமல்தான் கும்பிட்டுக்கொண்டு போட்டேன் என்று ஒப்புக்கொண்டார். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அடுத்தவர் மனசு நோகக் கூடாதே என்று ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இப்படிப்பட்ட நல்லவர்கள் எல்லோருமாகச் சேர்ந்துதான், கண்ணுகளா, ஐந்து விரலையும் தின்று தீர்த்திருந்தார்கள்.

நஃபீசா அதற்குமேல் நிற்கவில்லை. சால்வையை நாற்காலியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கி, கைப்பையில் இருந்த பென்டிரைவைத் திரைக்காரரிடம் கொடுத்தாள். அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர், போடுங்க போடுங்க, எனக்கும் பாக்கோணும் என்றார்.

கருநீலத்தில் அந்தக் கை எழுந்தது. தோளில் தூசியைத் தட்டியது. பிறகு நான்கு விரல்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவே வெளிச்சத்தோடு நின்றன. சாஹில் ஒரே ஒரு தடவை பார்த்தான். நான்காவது பிளாட்பாரத்தை நோக்கி நடந்தான், ஓடவில்லை. பஸ் டிரைவரும் விழாவில் கொடுத்த மைசூர்பாவுக்காகப் பந்தலிலேயே நின்றுவிட்டிருந்ததால் பஸ் போயிருக்கவில்லை. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டான். அக்கா பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. இதற்குத்தானே இத்தனை நாள் அலைந்தாய் என்று தன்னையே ஒரு அதட்டு அதட்டிக்கொண்டு ஸ்டுடியோவைத் திறக்கப் போனாள்.

பத்து நாள் போல ஆயிருக்கும். ஒரு மாப்பிள்ளைக்கு முடி நட்டுக்கொண்டிருந்தபோது ஆறுச்சாமி போனில் கூப்பிட்டார். அம்மாவின் முழங்கால், கடை வியாபாரம், மழை என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். படம் ரொம்பத் தெளிவாக இருப்பதாகப் பஸ்காரர்களிடமிருந்து புகார் வந்திருக்கிறதாம். அந்த ஒலிபெருக்கி சொல்வது இதுவரை காது கேட்பவர்களுக்கே சரியாகக் கேட்டதில்லை. இப்போது அவர்களும் திரையில் கையைத்தான் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு அந்தப் பிளாட்பாரத்துக்கே போய் நிற்கிறார்கள். பஸ் அங்கே வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று கேட்கிறார்கள்.

"இத்தன நாள் பஸ்ஸு எங்க நின்னாலும் ஒரு பிரச்சனையும் இருந்ததில்லைங்க அம்மணி. யாருக்கும் தெரியாது, சண்டையுமில்ல. கூட்டம் போட்டுப் பேசுனோமுங்க. வாரியத்துல ஒரு தீர்மானம். அந்த விரலை மட்டும் கொஞ்சம், ரொம்ப வேண்டாமுங்க, கொஞ்சமா மங்கலாக்கிக் குடுத்துப்போட்டீங்கன்னா எல்லாருக்கும் நல்லதுங்க. ஆல்பத்துல பருவெல்லாம் அழிக்கிறீங்கல்லங்க, அந்த மாதிரி."

நஃபீசா கணினியிலிருந்து கையை எடுத்தாள். சாஹில் இந்நேரம் பட்டறையில் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். காலையில் அவன் எந்த பஸ்ஸில் போனான் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

"முடியாதுங்கண்ணா," என்றாள்.

 ஆறுச்சாமியின் முகம் எப்படி வாடியிருக்கும் என்று அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"சாப்பிட்டீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டாள்.